பார்ப்பதற்காக ஒரு பயணம்

"பயணம் என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது?"

கிளிநொச்சியில் எங்கள் சிறுசேமிப்புக் குழுவின் மாதாந்தக் கூட்டமொன்றில் சும்மா பேச்சுவாக்கில்தான் இந்தக் கேள்வியைக் கேட்டேன். 2018ஆம் ஆண்டின் தொடக்கம் அது. பதில்கள் உடனே வந்தன.

"கிளாலிக்காலை இரவிலை வள்ளத்திலை வந்தது. பிள்ளை அழப்படாதெண்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தனான்."

"உழவு மெசின் பெட்டியிலை சாமானுக்கு மேலை இருந்து போனது. எத்தினை தரம் எண்டு கணக்கில்லை."

"மெனிக்பாமுக்கு ஏத்தின பஸ். ஜன்னலெல்லாம் பூட்டிக் கிடந்தது."

எழுபதை நெருங்கிய அம்மா ஒருவர் கடைசியாகச் சொன்னார்: "எனக்குப் பூசா. இங்கையிருந்து கொழும்பு, கொழும்பிலையிருந்து காலிப் பக்கம். அவன் அங்கை இல்லையெண்டு சொல்லிறதைக் கேக்கிறதுக்காகவே மூண்டு தரம் போனனான்."

அந்த அறையில் பதினெட்டுப் பெண்கள் இருந்தோம். ஊர் பார்க்கப் போனதைப்பற்றி ஒருவராவது சொல்லவில்லை. எங்களில் சிலர் இந்த நாட்டின் பாதி வீதிகளில் ஏதோ ஒரு காலத்தில் போயிருக்கிறோம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போனதெல்லாம் ஓடிப்போனது, தேடிப்போனது, கையெழுத்து வைக்கப்போனது.

அன்றைக்கே தீர்மானித்தோம். கிழமைக்கு ஆளுக்கு நூறு ரூபா, கடன் வரவுகளோடு கலக்காமல் வேறாக ஒரு பால்மா ரின்னில் போடுவது. ஒரு வருடத்தில் ஆளுக்கு ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே சேர்ந்தது. இடையில் பிள்ளையின் காய்ச்சல், பள்ளிக்கூடச் சப்பாத்து என்று சிலர் எடுத்தார்கள். எடுத்தவர்களில் அநேகர் திருப்பிப் போட்டார்கள். முடிவில் போகத் தயாரானவர்கள் ஒன்பது பேர்.

போகுமிடம் மலையகம் என்று முடிவானதற்கு எங்களில் ஒரு தங்கச்சிதான் காரணம். அவருடைய தாயார் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளுடன் வன்னிக்கு வந்து சேர்ந்த பல நூறு குடும்பங்களில் ஒன்று அவருடையது. தங்கச்சி 1981இல் கிளிநொச்சியில் பிறந்தவர். தாயார் 2009 மாசி மாதம் இடம்பெயர்ந்துகொண்டிருந்த வழியில் செல்லடியில் போய்விட்டார். "அம்மா எப்பவும் கோச்சி, கோச்சி எண்டு கதைப்பா. லயத்துக்குக் கீழை கோச்சி போறதைப் பாத்துத்தான் நேரம் தெரியுமாம். அந்தக் கோச்சியை ஒருக்கா நான் பாக்கவேணும்" என்றார்.

ஊர்க்கதைக்குக் குறைவிருக்கவில்லை. "புருசன் இல்லாததுகளுக்கு என்ன ஊர்சுற்று?" என்று சந்திக் கடையில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அந்தக் கடையில் தேத்தண்ணி குடிக்கும் ஆண்கள் வருடம் ஒருமுறை வான் பிடித்துக் கதிர்காமம், நுவரெலியா என்று போய்வருகிறார்கள். அதை யாரும் ஊர்சுற்று என்பதில்லை, 'ரிப்' என்கிறார்கள்.

உண்மையான தடை வேறிடத்திலிருந்து வந்தது. பூசாவுக்குப் போன அம்மா பெயரைக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினார். மகன் 2009இல் வட்டுவாகலில் பிரிந்தவர். "நான் இல்லாத நேரம் அவன் வந்தா?" என்று கேட்டார். பத்து வருடமாக அவர் ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை. 2017 மாசியில் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோதும், பகலில் கொட்டகையில் இருந்துவிட்டு இரவில் வீட்டுக்குப் போய்விடுவார். இதற்கு என்ன பதில் சொல்வது? நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. புறப்படுவதற்கு முதல்நாள் அவரே வந்து, "கதவிலை எழுதி ஒட்டிப்போட்டு வாறன்" என்றார்.

2019 மாசி மாதம், ஒரு வெள்ளி இரவு, ஏ-9 வீதியில் கண்டி பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். கிளிநொச்சியில் இருந்து கண்டிக்குப் போக ஏ-9ஐ விட்டு விலகத் தேவையில்லை. அந்த வீதி கண்டியில் தொடங்கித்தான் யாழ்ப்பாணத்தில் முடிகிறது. 2002 சித்திரையில் சமாதான காலத்தில் திறந்து, 2006 ஆவணியில் மூடி, போர் முடிந்தபின் மீண்டும் திறந்த வீதி. ஓமந்தை வந்தபோது நித்திரையாயிருந்தவர்களும் எழும்பிவிட்டார்கள். பஸ் நிற்கவில்லை. ஆனாலும் இரண்டு பேர் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைத் தடவிப் பார்த்ததை நான் கண்டேன்.

மதவாச்சி தாண்டியபின் ஒரு சம்பவம். எங்களில் இளையவர் ஒருவருடைய ஆசனத்துக்குப் பின்னாலிருந்த ஆள், ஆசன இடைவெளியால் கையை விட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவர் முதலில் முன்னுக்குச் சரிந்து இருந்தார். பிறகு பையைப் பின்னால் வைத்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அழத் தொடங்கினார். பக்கத்திலிருந்த அக்கா விசயத்தை விளங்கிக்கொண்டு எழும்பி நின்று, "தம்பி, கையை எடும்! எல்லாரும் பாருங்கோ, இவர் என்ன செய்யிறார் எண்டு!" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார். லைற் போடப்பட்டது. நடத்துநர் சிங்களவர், வயதானவர். மொழி விளங்காவிட்டாலும் விசயம் விளங்கியது. அந்த ஆளை முன்பக்கம் தனக்கருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, எங்களைப் பார்த்துக் கையால் 'இருங்கோ' என்று காட்டினார். தம்புள்ளையில் அவன் இறங்கிப் போய்விட்டான்.

இதை நான் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு 90 பேர். பொலிஸின் உதவியை நாடியவர்கள் நூற்றுக்கு 4 பேர்தான். எங்களில் எத்தனை பேர் இந்தப் பயத்தினாலேயே வீட்டோடு இருந்துவிடுகிறோம்! இது குற்றம் என்பதே பலருக்குத் தெரியாது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்டபின், பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. பஸ்ஸுக்குள் நடந்தால் முதலில் சத்தம் போடுங்கள், நடத்துநரிடம் சொல்லுங்கள், பஸ்ஸின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அன்றிரவு நாங்கள் பொலிஸுக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று அந்த அக்கா இன்றைக்கும் சொல்கிறார். பயணம் கெட்டுப்போகும் என்று தடுத்தது நான்தான்.

தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையில் எல்லோரும் நித்திரை, தலவாக்கலைத் தங்கச்சியைத் தவிர. அவருக்கு நான் அந்த வீதியின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆங்கிலேயர் காலத்தில், கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய நாள் முதல், தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்ட சனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை வந்து, மாத்தளைக்கு நடந்தே போனார்கள். தண்ணீரில்லாமலும் கொலராவிலும் வழிநெடுக விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. அவர் கனநேரம் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எங்கடை ஆக்கள் நடக்கிறது புதுசில்லை" என்றார்.

வடபகுதியார் நாங்கள் அந்தச் சனங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், எந்தக் காணியில் எந்தக் கூலிக்கு வேலை வாங்கினோம் என்பதெல்லாம் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

விடியப்புறம் கண்டி. மாசி மாதத்துக் குளிர் எலும்பைத் தொட்டது. புகையிரத நிலையத்தில் முகங்கழுவி, கொண்டுவந்த புட்டையும் சம்பலையும் சாப்பிட்டோம். கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் காலை வண்டிக்கு மூன்றாம் வகுப்பு ரிக்கற் அன்றன்றே யன்னலில் வாங்கலாம். முன்பதிவு ஆசனங்கள்தான் கிடைப்பது கஷ்டம். அந்தக் காலத்தில் ஒரு ரிக்கற்றின் விலை ஒரு சோற்றுப் பார்சலின் விலையளவுதான் இருந்தது. 2022க்குப் பிறகு கட்டணங்கள் கூடியிருக்கின்றன. என்றாலும் பஸ்ஸோடு ஒப்பிட்டால் மூன்றாம் வகுப்பு இன்னும் ஏழைகளின் வாகனம்தான்.

ஆனால் ஏறுவது லேசான காரியமல்ல. எங்களில் ஒருவருக்கு ஒரு கால் செயற்கைக் கால். மேடைக்கும் பெட்டியின் படிக்கும் இடையில் இருக்கும் உயரத்தையும் இடைவெளியையும் பார்த்து அவர் நின்றுவிட்டார். முதுகுப் பைகளோடு வெள்ளைக்கார இளைஞர் கூட்டமொன்று எங்களைத் தள்ளிக்கொண்டு ஏறியது. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, அங்கே எல்லோரும் அப்படித்தான் ஏறுகிறார்கள். இரண்டு பேர் உள்ளிருந்து இழுக்க, இரண்டு பேர் கீழிருந்து தாங்க, அவரை ஏற்றினோம். "செல்லுக்குள்ளை ஓடினனான், இதிலை ஏறமாட்டனோ" என்றார் அவர். நகைச்சுவையாகச் சொன்னாலும் முகம் வியர்த்திருந்தது. போரில் அவயவம் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் நாட்டில், புகையிரத மேடையைப் படிக்குச் சரிமட்டமாக உயர்த்துவது அவ்வளவு பெரிய வேலையா என்ன?

முதல் ஒரு மணித்தியாலம் நின்றுகொண்டே போனோம். கம்பளை, நாவலப்பிட்டி. நாவலப்பிட்டியில் நிறையப்பேர் இறங்க இடம் கிடைத்தது. ஜன்னலோரம் ஆளுக்கு அரை மணித்தியாலம் என்று பங்குபோட்டோம். சங்கக்கடை நிவாரணத்தில் பழகிய பழக்கம்! நாவலப்பிட்டிக்கு அப்பால்தான் ஏற்றம் தொடங்குகிறது. வண்டி வளைந்து வளைந்து ஏறும்போது எங்கள் பெட்டியிலிருந்தே முன்னால் போகும் எஞ்சினைப் பார்க்கலாம். கட்டைத் தரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு நிலம் இப்படிச் செங்குத்தாக நிற்கும் என்பதே புதினம். "இதிலை எப்பிடி மாடு கட்டுறது?" என்று ஒருவர் கேட்டார்.

இந்தப் பாதை எங்களைப்போன்றவர்கள் அழகு பார்ப்பதற்காகப் போடப்பட்டதல்ல. 1867இல் கண்டிவரைக்கும், 1874இல் நாவலப்பிட்டிவரைக்கும், 1885இல் நானுஓயாவரைக்கும், 1924இல் பதுளைவரைக்கும் என்று கொஞ்சங்கொஞ்சமாக ஏறிய இந்தத் தண்டவாளம், முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போடப்பட்டது.

அட்டன் கழிந்ததும் சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீற்றருக்கும் கூட நீளமானது. இந்தப் பாதையிலேயே அதுதான் பெரியது என்று பக்கத்திலிருந்த ஐயா சொன்னார். பெட்டியில் லைற் எரியவில்லை. திடீரென்று கும்மிருட்டு. சுரங்கத்துக்குள் போகும்போது 'கூ...' என்று கத்துவது அங்கே பிள்ளைகளின் வழக்கம். மற்றப் பெட்டிகளிலிருந்தெல்லாம் கூக்குரல் கேட்டது. எங்கள் பக்கம் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அம்மா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தார். மண்வாசனை, ஈரம், இருட்டு, மேலே எங்கேயோ இடி மாதிரி ஓசை. எங்களில் யாருக்கும் அது எந்த இடத்தை ஞாபகப்படுத்தியது என்று சொல்லத் தேவையில்லை. வெளிச்சம் வந்தபோது ஒருவரின் முகத்தை ஒருவர் பார்த்தோம். இளையவர்தான் முதலில் சிரித்தார். "பங்கருக்குள்ளை இருந்து வெளியிலை வந்தா இப்பிடி மலை தெரிஞ்சிருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்" என்றார். அடுத்த சுரங்கத்தில் அவர் 'கூ' என்றார். அதற்கடுத்ததில் நான்கைந்து பேர். இந்தப் பாதையில் நாற்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்கள் உண்டு என்பதால் பழகுவதற்கு நிறையச் சந்தர்ப்பம்.

தலவாக்கலையில் இறங்குவதற்கு முன்னர் சென்கிளயர் நீர்வீழ்ச்சி ஜன்னலால் தெரியும், இடைக்கிடை மரங்கள் மறைக்கும். வெள்ளைச்சேலை காயப்போட்ட மாதிரி இருந்தது. மேல் கொத்மலை மின்திட்டம் வந்தபின் அதன் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அந்த ஐயா வருத்தப்பட்டார்.

தோட்டத்துக்கு முச்சக்கர வண்டி இரண்டில் போனோம். தங்கச்சியிடம் இருந்தது தோட்டத்தின் பெயரும் தாயாரின் பெயரும் மட்டுமே. பிறப்புச் சாட்சிப்பத்திரம், புகைப்படம் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. லயத்து வாசலில் இருந்த மூதாட்டி ஒருவர், "வாங்கம்மா, எங்கேருந்து வர்றீங்க? கிளிநொச்சியா? அம்மாடி, அம்புட்டுத் தூரத்திலேருந்தா!" என்று பாய் விரித்தார். ஊரே கூடிவிட்டது. தாயாரின் பெயரைச் சொன்னபோது, அந்தப் பெயரில் ஐந்தாறு பேர் இருந்தார்கள் என்றார்கள். எழுபத்தேழில் போனவர்களின் லயம் இடிக்கப்பட்டுப் பலகாலம் என்றார்கள். அடையாளம் காட்ட ஒருவரும் இல்லை.

தங்கச்சி ஏமாந்துபோவார் என்று நான் பயந்தேன். அவர் அந்த மூதாட்டியிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "இங்கையிருந்து கோச்சி போறது தெரியுமோ?" மூதாட்டி வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். கீழே தேயிலைக்கிடையில் தண்டவாளம் மின்னியது. அன்று பின்நேரம் முழுக்க அவர் அங்கேயே ஒரு கல்லில் இருந்தார். ஒரு வண்டி போனது. கண்டிப்பக்கமா பதுளைப்பக்கமா என்று நாங்கள் கேட்டபோது தெரியாது என்றார். "மணி நாலு" என்றார்.

அன்றிரவு அந்த லயத்துக் காம்பிராக்களிலேயே ஒன்பது பேரையும் பங்குபோட்டுப் படுக்கவைத்தார்கள். பத்தடி அறை, ஒரே கூரை, நடுவில் அரைச்சுவர். மெனிக்பாம் கூடாரத்தை நினைத்துக்கொண்டேன். வித்தியாசம் என்னவென்றால், இவர்கள் நான்கைந்து தலைமுறையாக இதில் இருக்கிறார்கள். காலையில் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் கட்டித்தந்து, காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

மறுநாட் பயணம்தான் படங்களில் வரும் பயணம். நானுஓயா, அம்பேவலை, அப்பால் பட்டிப்பொல. இலங்கையில் ஆக உயரத்தில் இருக்கும் புகையிரத நிலையம் இதுதான். கடல்மட்டத்திலிருந்து 6200 அடிக்கு மேல். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். அதற்கு இந்தப்பக்கம் முகிலும் தூறலும், அந்தப்பக்கம் வெயில்! ஒரு மலையின் இரண்டு பக்கங்களுக்கு இரண்டு காலநிலை என்று புத்தகத்தில் படித்ததை அன்றுதான் கண்ணால் கண்டோம். ஒகியவுக்கும் அப்புத்தளைக்கும் இடையில் இதல்கசின்ன என்று ஒரு சின்ன நிலையம். அதன் இரண்டு பக்கமும் நிலம் கீழே இறங்கிவிடுகிறது. வீட்டு முகட்டில் ரயில் நிற்பதுபோல இருக்கும்.

வடை, கடலை, சோளம் என்று விற்பவர்கள் பெட்டிக்குள் வந்துகொண்டேயிருப்பார்கள். ஒரு விசயம் சொல்லவேண்டும். மலசலகூடம் ஓடும் வண்டியில் இருக்கிறது, ஆனால் தண்ணீரை நம்பவேண்டாம், ஒரு போத்தல் கையில் இருக்கட்டும். மாதவிடாய்க் காலமென்றால் மாற்றுத்துணியும் கடதாசிப் பையும் எடுத்துப் போங்கள். சங்கடப்பட்டுப் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. வாசற்படியில் தொங்கிப் படமெடுப்பதைப் பார்த்து எங்கள் இளையவருக்கும் ஆசை வந்தது. விடவில்லை. மலைச்சுவரும் சுரங்கத்தின் வாயும் பெட்டியோடு ஒட்டித்தான் வருகின்றன, தலை வெளியே இருந்தால் தலை இல்லை.

எல்ல நிலையத்தில் வெள்ளைக்காரர் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பெட்டி எங்களுக்கும் ஊர்ச்சனங்களுக்கும் மட்டும் என்றானது. பிறகுதான் ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டிமுடித்தது. 80 அடி உயரம், 300 அடி நீளம். இரும்பு சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டுமே. அதன் அழகு கீழேயிருந்து பார்ப்பவர்களுக்குத்தான். மேலே போகிற நமக்குப் பாலம் தெரிவதில்லை, பள்ளம்தான் தெரிகிறது. அதற்கப்பால் தெமோதரையில் தண்டவாளம் ஒரு வட்டமடித்து, புறப்பட்ட நிலையத்துக்கு அடியிலிருக்கும் சுரங்கத்தால் வெளியே வருகிறது. செயற்கைக் கால் அக்காவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. ஒரு தலைப்பாகைத் துணியைச் சுற்றுவதுபோல மலையில் பாதையைச் சுற்றியிருக்கிறார்கள் என்று ஊருக்கு வந்தும் கையால் சுற்றிக்காட்டிக்கொண்டு திரிந்தார்.

பதுளையிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து கிளிநொச்சி. திரும்பியது பஸ்ஸில். எழுத ஒன்றுமில்லை, எல்லோரும் நித்திரை.

இரண்டு மாதத்தில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு. மீண்டும் சோதனைச் சாவடிகள், மீண்டும் பயம். அடுத்த வருடம் கொரோனா. 2022இல் எரிபொருள் இல்லை, ரின்னில் இருந்த காசு அரிசிக்குப் போனது. பிறகு மறுபடி நூறு ரூபாயில் தொடங்கினோம். இம்முறை பெரிய ஆசை இல்லை. வீட்டு வாசலால் போகும் ரயிலில் காங்கேசன்துறைவரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவது.

இதுவும் சின்ன விசயமல்ல. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 ஆனியில் நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குப் போயின. எங்கள் பிள்ளைகள் ரயிலைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்து வளர்ந்தார்கள். 2013 புரட்டாதியில் கிளிநொச்சிக்கும், 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 தையில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது. பாதை திருத்த வேலைக்காக 2023இலும் 2024இலும் மாதக்கணக்கில் கொழும்புச் சேவை தடைப்பட்டது. அப்படியும் கிளிநொச்சியில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு இன்னும் அதில் ஏறாத பெண்களை எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால், "எனக்கு அங்கை என்ன அலுவல்?" என்பார்கள். ஆனையிறவில் இருபக்கமும் நீர் விரிந்து கிடக்க, நடுவால் ரயில் போகும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே ஒருமுறை போகலாம். அந்த இடத்தை நாங்கள் வேறு விதமாகத்தான் அறிந்திருக்கிறோம். அங்கே வெளிநாட்டுப் பறவைகள் வந்து நிற்பது எங்களுக்கு இதுவரை யாரும் சொல்லாத செய்தி.

மலையகப் பாதையில் போக நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. 2025 கார்த்திகை இறுதியில் வந்த டித்வா புயலில் மண்சரிந்து அந்தப் பாதை பல இடங்களில் உடைந்து, சேவை நின்றது. நாங்கள் படுத்த லயங்களைப்போன்ற எத்தனையோ லயங்களின்மேல் மலை இறங்கியது. அந்த மூதாட்டியின் தோட்டத்துக்குப் பலநாள் தொலைபேசி கிடைக்காமல் தவித்தோம். கடைசியில் கிடைத்தது, உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே எந்த நிலையத்திலிருந்து எதுவரைக்கும் ரயில் ஓடுகிறது என்பதை முதலில் நிலையத்திலோ, 1919 என்ற அரச தகவல் இலக்கத்திலோ தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்படுங்கள்.

எழுதாமல் விட்டது ஒன்று. 2019இல் ஊர் திரும்பிய அன்று அம்மாவை வீடுவரைக்கும் கொண்டுபோய் விட்டேன். கதவில் அப்பியாசக் கொப்பித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மாவுப்பசை பூசி ஒட்டியிருந்தார்: 'தம்பி, அம்மா கண்டிக்குப் போட்டன். திங்கள் வருவன். திறப்பு பக்கத்து வீட்டிலை.' கிழித்துவிடவா என்று கேட்டேன். "கிடக்கட்டும்" என்றார்.

காங்கேசன்துறைப் பயணத்துக்கு முதல்நாள் அவரைக் கூப்பிடப் போனபோது, வெயிலில் மங்கிப்போன அதே தாளில் கண்டியை வெட்டிவிட்டு, மேலே 'கடலுக்கு' என்று எழுதிக்கொண்டிருந்தார். திங்களை வெட்டி 'பின்னேரம்' என்று போடச்சொல்லிப் பேனையை என்னிடம் தந்தார்.